செயற்கை நுண்ணறிவின் புதிய போக்கும் கிராம சபையும்

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த கொட்டிவாக்கம் 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அதற்கு மேற்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் இன்று கணினி நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கு நடைபெறும் தொழிலுக்கும் ஏர் பிடிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று விவசாயப் பெருமக்கள் வினவலாம். தொடர்பு உண்டு.

ஏராளமான எழுத்தையும் பேச்சையும் கொடுத்துப் பழக்கிய கணினி, கேட்ட கேள்விக்குத் தானே விடை அமைத்துத் தருவது செயற்கை நுண்ணறிவின் ஒரு வகையாகும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், பெருஞ்செலவில் மேன்மேலும் பெரிய அமைப்புகளை உருவாக்குவதில் உலக நிறுவனங்கள் போட்டியிட்டன. அப்போட்டி இன்னும் ஓயவில்லை. எனினும், சாமானிய மக்களின் மொழியில், அவர்களுடைய அன்றாட வேலைக்கு உதவ வேண்டும் என்ற நோக்கமும் இப்போது முன்னுக்கு வந்துள்ளது.

நமது நாட்டில் இதற்கென 2022-இல் 'பாஷினி' திட்டம் தொடங்கப்பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் 'ஏஐ4பாரத்' குழுவினர் 22 இந்திய மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவு செய்து வருகின்றனர். பிரதமர் கிசான் திட்டம் பற்றிய ஐயங்களுக்கு விடையளிக்கும் 'கிசான் இ-மித்ரா' 2023-இல் வந்தது. கிராம சபையில் பேசியவற்றைக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பு தயாரிக்கும் 'சபாசார்' என்னும் சாதனத்தை மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்டது.

இங்குதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். யந்திரம் தான் பழகிய பேச்சையே நன்கு அறியும். நூல் தமிழில் பழகியது வட்டார வழக்கில் தடுமாறக் கூடும். 'மேலத்தெரு வாய்க்கால்' என்று உறுப்பினர் கூறியது 'மேட்டுத்தெரு வாய்க்கால்' என்று பதிவானால், தூர் வாரும் பணியே இடம் மாறிவிடும்.

ஆகவே, சபையில் ஒருவர்பின் ஒருவராக, ஊர்ப்பெயரையும் தொகையையும் தெளிவாகச் சொல்லுங்கள். யந்திரம் எழுதிய குறிப்பை எல்லோரும் கேட்கும்படி வாசித்துத் திருத்திய பின்னரே கையொப்பமிடுங்கள். யந்திரம் கூறும் மருந்தைத் தெளிக்குமுன் வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்ளுங்கள். ஆதார் எண்ணையும் வங்கி இரகசிய எண்ணையும் அதனிடம் தெரிவிக்கலாகாது.

குறிப்பு எழுதும் உழைப்பை யந்திரம் ஏற்கலாம். தீர்மானத்தின் பொறுப்பு என்றும் கிராம சபையினுடையதே.