அல்சூர்த் தமிழரும் அயலார் பார்வையும்

ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணமும் அதைப் பற்றிப் பிறர் கொண்டிருக்கும் எண்ணமும் ஒன்றாக இருப்பது அரிது. பெங்களூரின் அல்சூர் இதற்கு நல்ல சான்று. 1809-இல் ஆங்கிலேயர் இப்பகுதியில் கண்டோன்மென்ட் அமைத்தபோது படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் கூலிகளாகவும் தமிழர் பலர் வந்து சேர்ந்தனர். தலைமுறைகள் கடந்தபின் அவர்களின் வழிவந்தவர்கள் தங்களை இவ்வூர்க்காரர்களாகவே எண்ணுகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்பது அவர்களுக்கு இயல்பு. கன்னட ஆர்வலர் சிலருக்கோ அவர்கள் இன்னும் வந்தவர்கள்தாம். தமிழ்நாட்டு உறவினருக்கும் அவர்கள் முழுமையாக உள்ளூர்க்காரர்கள் அல்லர்; அவர்களின் பேச்சில் கலந்த கன்னடமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இடைவெளி அல்சூர் ஏரி அருகே வெளிப்படையாகத் தெரிந்தது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் 1991-இல் அங்கே திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது. தமிழருக்கு அது உலகப் பொதுவான அறநூலாகிய திருக்குறளுக்குச் செய்த மரியாதை. எதிர்த்தவர்களுக்கு அது கன்னட மண்ணில் ஊன்றிய தமிழ் அடையாளம். அதே ஆண்டு இறுதியில் காவிரி நீர்ப் பங்கீட்டை ஒட்டித் தமிழருக்கு எதிரான கலவரமும் மூண்டது. சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. குறளுக்குக் கன்னட மொழிபெயர்ப்பு இருந்தும் அது உதவவில்லை. 2009 ஆகஸ்ட் 9-இல் அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி சிலையைத் திறந்துவைத்தார். அதற்கு ஈடாக, நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது.