ஆலை போகலாம்; வண்டி எங்கே போகும்?

ஒரு மோட்டார் நிறுவனம் நாட்டைவிட்டு வெளியேறும்போது, மூடப்படும் ஆலையைப் பற்றியும் வேலை இழக்கும் தொழிலாளர்களைப் பற்றியும் பேசுகிறோம். அது நியாயமே. ஆனால், அந்த நிறுவனம் அதுவரை விற்ற வண்டிகள் சாலையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பலவற்றுக்கு இன்னும் பத்து, பதினைந்து ஆண்டு ஆயுள் மிச்சமிருக்கிறது. அவற்றை இனி யார் பழுதுபார்ப்பது? எந்த உதிரிபாகத்தைக் கொண்டு? இந்தக் கேள்விகள் பொதுவெளியில் அதிகம் எழுவதில்லை.

இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பு என்று காரணம் சொன்னது. மறைமலை நகர் ஆலையின் கடைசி கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2017இல், ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஷெவர்லே கார்களின் விற்பனையை இங்கே முடித்துக்கொண்டது. ஃபோர்டு வாடிக்கையாளர்கள் மட்டுமே நாட்டில் சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்று நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கிச் சேர்த்த சொத்து அது. ஷெவர்லே டவேராவோ பல ஓட்டுநர்களுக்குப் பிழைப்பு.

சேவையும் உதிரிபாகமும் தொடரும் என்று இரு நிறுவனங்களும் உறுதி கூறின. அந்த உறுதியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால், அதன் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். புதிய கார் விற்காத ஒரு முகவருக்குச் சேவை வருமானம் மட்டுமே மிஞ்சுகிறது. ஆண்டுதோறும் வண்டிகள் குறையக் குறைய அந்த வருமானமும் சுருங்கும். அப்போது சிறு ஊர்களின் சேவை நிலையங்கள்தான் முதலில் மூடப்படும். கடைசியில் வண்டி வந்து நிற்கும் இடம், தெருமுனைப் பட்டறை.

முதல் வெளியேற்றம்

அமெரிக்க நிறுவனங்கள் இந்தியாவைவிட்டுப் போவது இது முதல்முறை அல்ல. ஃபோர்டு 1926இல் இங்கே கம்பெனி தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. பெட்டிகளில் வந்த பாகங்களை இணைத்து விற்பதே அன்றைய தொழில். தமிழகத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் முகவராக இருந்தது மதுரை டி.வி.எஸ். நிறுவனம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்துப் பெறும் வாயுவில் வண்டியை ஓட்டும் சாதனத்தை அந்நிறுவனமே தயாரித்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் அப்படித்தான் நம் பேச்சில் புகுந்தது.

1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்று பரிந்துரைத்தது. பாகங்களைப் பூட்டி விற்பதோடு நின்றிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுப்பகுதிக்குள் வெளியேறின. ஆனால், அவர்கள் விட்டுச்சென்ற ஷெவர்லே, ஃபோர்டு வண்டிகளும், கிறைஸ்லர் தொடர்பில் பம்பாய் பிரீமியர் நிறுவனம் தயாரித்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும் பல்லாண்டுக் காலம் ஓடின. மகிந்திரா 1947இல் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழித்தோன்றல்கள் இன்றும் மலைக் கிராமங்களில் ஏறி இறங்குகின்றன.

இது எப்படி முடிந்தது? அந்த இயந்திரங்களைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது என்பது முதல் காரணம். சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து அளவு கூடிய பிஸ்டனைப் போடலாம். இன்னும் தேய்ந்தால் உள்ளே லைனர் இறக்கலாம். கிராங்க் தண்டைச் சாணை பிடித்து, அதற்கேற்ற அளவில் பேரிங் மாற்றலாம். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்துகொள்ளலாம். நல்ல அளவுகோலும் பழகிய கையும் இருந்தால் போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உதிரிபாகத்துக்கு உள்ளூரிலேயே தொழில் வளர்ந்தது இரண்டாவது காரணம். சென்னை சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்த அமெரிக்க லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பெர்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினைப் பொருத்துவது வழக்கமாயிற்று. வண்டி விற்பனையிலும் பழுதுபார்ப்பிலும் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், 1960களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் என்று பாகத் தொழிலில் கிளைவிட்டது. 1990களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு இயந்திரங்களை வாங்கி இங்கே நிறுவியது. பிறகு அந்த நிறுவனத்துக்கே மூடிகளை ஏற்றுமதி செய்தது. அரசின் தொழிற்கொள்கைக்கும் வெளிநாட்டுக் கூட்டுகளுக்கும் இந்த வளர்ச்சியில் பெரும் பங்கு உண்டு. ஆனால், பட்டறையில் பழகிய கைகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

மூன்றாவது காரணம் பற்றாக்குறை. புதிய வண்டி கிடைக்காது; கிடைத்தாலும் விலை எட்டாது; கூலியோ குறைவு. எனவே, பழுதுபார்ப்பதே லாபம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். வேறு வழியில்லாததால் வந்த சிக்கனம் அது.

அறிவுக்குப் போட்ட பூட்டு

இன்றைய நிலை வேறு. ஒரு காரின் உதிரிபாகங்களை, கிடைக்கும் விதத்தை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

எண்ணெய் வடிகட்டி, பிரேக் பேடு, பெல்ட், பேரிங் போன்றவை முதல் வகை. இவற்றைப் பெரும்பாலும் தனி நிறுவனங்களே தயாரிக்கின்றன. கார் நிறுவனம் போனாலும் தேவை இருக்கும்வரை இவை கிடைக்கும்.

முகப்பு விளக்கு, பம்பர், கண்ணாடி, கதவு போன்றவை இரண்டாம் வகை. ஒரு மாதிரிக்கு மட்டுமே பொருந்துபவை. இவற்றின் அச்சுகள் ஓய்ந்துவிட்டால், கையிருப்பு தீர்ந்ததும் பழைய பாகச் சந்தைதான் கதி. சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓடாத நான்கு வண்டிகளைப் பிரித்து ஓடும் ஒரு வண்டியைக் காப்பாற்றும் சந்தை அது.

மூன்றாம் வகைதான் உண்மையான சிக்கல். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்னணுச் சாவி போன்றவை. பாகம் கிடைத்தாலும், அந்த வண்டிக்கு அதை அறிமுகப்படுத்தும் மென்பொருளும் கடவுக் குறியும் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. லேத்தில் கடைந்தெடுக்க முடியாத பாகம் இது. முன்பு அறிவு இரும்பில் இருந்தது, அளந்து கற்றுக்கொள்ளலாம். இன்று அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.

இந்தப் பூட்டை இந்தியப் போட்டி ஆணையம் முன்பே கண்டது. 2014 ஆகஸ்டில், 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,500 கோடிக்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் முடக்கினார்கள் என்பதே குற்றச்சாட்டு. பட்டியலில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸோடு இந்திய, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்களும் இருந்தன. கார் வாங்கிய பிறகு வாடிக்கையாளர் வேறெங்கும் போக முடியாது. எனவே, ஒவ்வொரு நிறுவனமும் தன் காருக்கான உதிரிபாகச் சந்தையில் ஏகபோகம்தான் என்பது ஆணையத்தின் வாதம். மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. வழக்கு நீளும் காலத்திலும் வண்டிக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

கடம்பத்தூர் சொல்லும் பாடம்

நான் வாழும் கடம்பத்தூரிலேயே இதற்கு மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. திருவள்ளூர் வட்டாரத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971இல் மண்வாரி இயந்திர ஆலையை நிறுவியது. கடம்பத்தூர் அஞ்சலுக்கு உட்பட்ட அதிகத்தூரில், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் காரையும் அந்நிறுவனம் தயாரித்தது. லான்சர் இன்று உதிரிபாகத்துக்கு அலையும் வண்டிகளில் ஒன்று. மண்வாரி ஆலையோ, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனத்திடம் சென்றது. சுரங்கங்களுக்கான ராட்சத டம்பர் லாரிகள் அங்கே தயாராகின்றன.

அந்த லாரியின் வாழ்க்கை நம் காரின் வாழ்க்கையைப் போன்றதல்ல. குறிப்பிட்ட மணிநேரம் ஓடியபின் முழுவதும் பிரித்து மீண்டும் கட்டுவதற்காகவே அது வடிவமைக்கப்படுகிறது. பழைய இயந்திரத்தைப் புதுப்பித்துச் சான்றளிக்கும் திட்டத்தைக் கேட்டர்பில்லர் 1985 முதல் நடத்துகிறது. மறுகட்டுமானம் முடிந்த இயந்திரத்துக்குப் புதிய வரிசை எண்ணும் உத்தரவாதமும் உண்டு. அதாவது, அதற்கு மறுபிறவி கிடைக்கிறது.

ஒரே நாட்டு நிறுவனங்கள்தான். அப்படியிருக்க, ஏன் இந்த வேறுபாடு? வாங்குபவரின் பேர வலிமையே காரணம் என்பது என் கருத்து. ஒரு சுரங்க நிறுவனம் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஆயுள் முழுவதும் ஆகும் செலவை மணிநேரக் கணக்கில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறது. உதிரிபாகத்துக்கு உறுதி இல்லையென்றால் வேறு நிறுவனத்திடம் போய்விடும். கார் வாங்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கைப் போடத் தேவையான தகவலும் இல்லை; பேரம் பேசும் பலமும் இல்லை. பலமில்லாதவருக்காகப் பேரம் பேசுவதுதான் சட்டத்தின் வேலை.

அமெரிக்கர்கள் அதைச் செய்துகொண்டார்கள். 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், வாகனம் பழுதுபார்க்கும் உரிமையை வாக்களித்து நிலைநாட்டினர். முகவருக்குக் கிடைக்கும் பழுதறியும் தகவலை, நியாயமான கட்டணத்தில் வெளிப் பட்டறைக்கும் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2014இல் கார் நிறுவனங்களே ஓர் உடன்படிக்கை மூலம் அதை நாடு முழுவதற்கும் விரித்தன. பாஸ்டன் மெக்கானிக்குக் கிடைக்கும் இந்த உரிமை திருவள்ளூர் மெக்கானிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால், இணையதளம் சட்டமாகிவிடாது.

வயதா, நிலையா?

எதிர்வாதங்களைப் புறக்கணிக்க முடியாது. பழைய வண்டிகள் அதிகம் புகைக்கின்றன. பயிற்சியற்ற கையில் பிரேக்கும் காற்றுப்பையும் ஆபத்து. உதிரிபாகத்தை நீண்டகாலம் இருப்பு வைக்கச் சொன்னால் புதிய காரின் விலை ஏறும். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால், புகைக்குத் தீர்வு புகைச் சோதனை. பயிற்சியின்மைக்குத் தீர்வு பயிற்சி. தகவலை மறைப்பதால் பட்டறைக்காரரின் கை தேர்ந்துவிடாது. விலை சற்று ஏறினால், வாங்கும்போதே கண்ணுக்குத் தெரியும். இப்போதோ அதே செலவு பத்தாண்டு கழித்து, வண்டி நடுவழியில் நிற்கும்போது தெரியவருகிறது.

நம் விதிகளோ வண்டியின் நிலையைவிட வயதையே அதிகம் பார்க்கின்றன. 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பித்துப் பதிவுசெய்யும் கட்டணம், 2022 ஏப்ரலில் ரூ.600இலிருந்து ரூ.5,000 ஆக உயர்ந்தது. மறுபுறம், 50 ஆண்டு கடந்த பாரம்பரிய வாகனங்களுக்கென 2021இல் தனி விதிகள் வந்தன. ஆனால், எஞ்சின் உள்ளிட்டவற்றில் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருந்தால் மட்டுமே அந்த மரியாதை. கொட்டகையில் மூடிவைத்த பணக்காரரின் பழைய காருக்கு அது பொருந்தும். டீசல் எஞ்சின் மாற்றி உழைத்துத் தேய்ந்த ஜீப்புக்குப் பொருந்தாது. சுரங்க லாரிக்கு மறுபிறவி தரும் அதே வேலை, ஜீப்பின் தகுதியைப் பறித்துவிடுகிறது.

கேட்க வேண்டிய நேரம்

ஃபோர்டு திரும்பி வருகிறது. மறைமலை நகரில் ரூ.3,250 கோடி முதலீட்டில் எஞ்சின் தயாரிக்கத் தமிழக அரசுடன் 2025 அக்டோபரில் ஒப்பந்தம் செய்திருக்கிறது. உற்பத்தி 2029இல் தொடங்கும். வேலைவாய்ப்பு என்ற வகையில் இது மகிழ்ச்சியான செய்தி. நிலம், மின்சாரம், சலுகை ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது, ஏற்கெனவே விற்ற வண்டிகளைப் பற்றியும் அரசு பேசியாக வேண்டும்.

பெரிய கோரிக்கைகள் எதுவும் தேவையில்லை. விற்பனையை நிறுத்தும் எந்த நிறுவனமும், கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து 15 ஆண்டுக்கு உதிரிபாகம் தர வேண்டும். தர இயலாத நிலையில், அந்தப் பாகத்தின் வரைபடத்தையும் பழுதறியும் மென்பொருளையும் உள்ளூர்த் தயாரிப்பாளர்களுக்கும் பட்டறைகளுக்கும் நியாயமான கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். இதை விற்பனை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதிவிடலாம். இந்திய நிறுவனங்களுக்கும் இது பொருந்த வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் மின்னணுப் பழுதறிதலுக்கு உரிய இடமும், பட்டறையில் ஏற்கெனவே தொழில் பழகியவர்களுக்கு மாலைநேர வகுப்பும் வேண்டும்.

மின்வாகனங்கள் பெருகும் காலத்தில் இது இன்னும் அவசரமாகிறது. கணினியும் மின்கலமுமே வண்டியாகிவிட்ட நிலையில், நிறுவனம் விலகினால் வண்டியை உருட்டிச் செல்லக்கூட வழியிருக்காது. 1950களில் நம் பட்டறைகள் சட்டத்தின் உதவியில்லாமலே சமாளித்தன. இனி அந்த உதவி இல்லாமல் முடியாது. ஃபோர்டின் எஞ்சின் ஆலை இயங்கத் தொடங்குவதற்குள் அந்தச் சட்டம் வந்துவிட வேண்டும்.