ஏரிக்கரைக்கு ஒரு பீங்கான் ஆவணம்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஓவிய ஓடுகளுக்கெனவே ஒரு தேசிய அருங்காட்சியகம் உண்டு. ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள நகரக் காட்சி ஒன்று அதன் சேகரிப்பில் உள்ளது. 1700-ஆம் ஆண்டையொட்டி நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் ஓடுகளில் தீட்டப்பட்டது அது. 1755-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீயும் அந்நகரின் பெரும்பகுதியை அழித்தன. அதற்கு முந்தைய ஆற்றங்கரை எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்த ஓடுகள் முக்கியச் சான்று. அலங்காரமாகப் பிறந்தது ஆவணமாகிவிட்டது.

இதற்குக் காரணம் பொருளின் இயல்பு. 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடப்பட்ட களிமண் மீண்டும் சேறாவதில்லை. கோபால்ட், செம்பு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் கண்ணாடிப் பூச்சுக்குள் நிறமாக உறைந்துவிடுகின்றன. சுவரில் பூசிய வண்ணம் சில கோடைகளில் வெளிறும். இந்நிறம் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். இக்கலை நமக்குத் தொலைவிலும் இல்லை. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்தியப் பீங்கான் கலைஞர்கள் பலரை உருவாக்கியிருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இதனால் என்ன பயன்? அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஏரிகளைச் சார்ந்து வாழ்ந்த ஊர்கள். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. வேலைவாய்ப்பு பெருகியது, வயல்கள் மனைகளாயின, வரத்துக் கால்வாய்கள் குறுகின. கழிவுநீர் கலப்பதால் அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின் வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

உற்பத்தியாளரின் கணக்கில் ஏறாமல் ஊரார் தலையில் விழும் இத்தகைய செலவைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. மனையின் விலை பத்திரத்தில் பதிவாகிறது; இழந்த நீர்ப்பரப்பின் விலை எங்கும் பதிவாவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட சுருங்கிய ஏரியையே முழு ஏரி என நம்புகிறது. முன்பிருந்தது எவ்வளவு எனத் தெரியாதபோது இழப்பை மதிப்பிடுவது எப்படி?

ஏரிக்கரைகளில் நடைபாதைகள் அமைக்கும் அரசு, அங்கே மயிலும் தாமரையும் வரைவதோடு நின்றுவிடக் கூடாது. பழைய நில அளவை வரைபடத்தின்படி ஏரியின் எல்லை, மதகுகள், வரத்துக் கால்வாய்கள், ஆயக்கட்டு, 2015 டிசம்பர் வெள்ளத்தின் உயரம் ஆகியவற்றைப் பீங்கான் ஓடுகளில் பதிக்கலாம். ஏரி வாரியத்தைப் பற்றி உத்தரமேரூர்க் கோயில் சுவரில் 10-ஆம் நூற்றாண்டிலேயே பொறித்துவைத்த மரபு நம்முடையது.

ஓட்டுக்கும் களிமண்ணும் எரிபொருளும் செலவாகும் என்பது உண்மை. ஊருக்கு ஒரு சுவர் என்ற அளவில் அது சிறிய விலையே. ஓவியம் ஏரியைத் தூர்வாராது, கழிவுநீரையும் தடுக்காது. ஆனால், எல்லை இதுதான் என்று எல்லார் கண்ணெதிரேயும் சுட்ட மண்ணில் பதிந்திருக்கும் இடத்தில், அதை மாற்றி எழுதுவது எளிதாக இராது.