நம்மைப் பற்றி அரசாங்கங்கள் கதைக்கும்போது



பண்டாரவளைக்குக் கிட்டவுள்ள ஒரு தோட்டத்தில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை மடுவத்தில் எங்கள் மாதர் சங்கம் கூடும். போன மாதம் சீட்டுக் கணக்குப் பார்த்து முடித்து, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்த ஒரு தங்கச்சி திடீரென்று கேட்டாள்: "அக்கா, ஜெனீவாவில எங்கட ஆக்களின்ர பெயரை வாசிப்பினமா?"

அவளுடைய தாயும் தகப்பனும் பதுளைப் பக்கத்து ஆட்கள்தான். 1977 கலவரத்தில் லயத்தை இழந்து வவுனியாவுக்குப் போய், பிறகு கிளிநொச்சியில் குடியேறியவர்கள். அங்கே பிறந்ததால் இவளுக்கு வன்னிப் பேச்சு. 2009 மே மாதம், வெளியே வரும் வழியில் ஒரு சோதனை இடத்தில் கணவரைப் பிரித்து வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதோடு தகவல் இல்லை. முகாமில் இருந்துவிட்டு 2010இல் இரண்டு பிள்ளைகளோடு அத்தையின் லயக் காம்பிராவுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்திடம் "உங்கள் நாட்டில் நடப்பது சரியில்லை" என்று சொல்வது பெரும்பாலும் மூடிய அறைக்குள்தான். தூதுவர் வெளிநாட்டமைச்சுக்குப் போய் மெதுவாகக் கேட்பார். சரிவராவிட்டால் கடிதம் கொடுப்பார்கள். அதற்கும் பலனில்லையென்றால்தான் பகிரங்க அறிக்கை, தூதுவரைத் திருப்பி அழைத்தல், சலுகையை நிறுத்துதல் என்று போகும். நமது அரசாங்கமும் இப்படிக் கேட்ட சந்தர்ப்பம் உண்டு. 2005இல் வீட்டு வேலைக்குப் போன மூதூர் ரிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை விதித்தார்கள். மன்னிப்புக் கேட்டும் பலனில்லாமல் 2013 ஜனவரி 9ஆம் திகதி அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பிறகுதான் இலங்கை தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. அழைத்து என்ன, பிள்ளை போய்விட்டாள்.

ஆனால் இந்தக் கதையில் மிகப் பழைய அனுபவசாலிகள் மலையகத்து நாங்கள்தான். 1939இல் இலங்கை அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியபோது, காங்கிரஸ் சார்பில் நேரு வந்து பேசிப் பார்த்தார். பிறகு இந்தியா இங்கே கூலியாட்கள் வருவதையே தடுத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். பதுளையிலிருந்தும் ஒருவர் போனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்கும் போனது, நாடும் போனது.

அதற்குப் பிறகு கொழும்பும் டில்லியும் நம்மைப் பற்றிப் பல வருடம் கதைத்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் பிரச்சினைக்குத் தீர்வு என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் லயத்துக்கு வந்து "அம்மா, உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று முதலில் கேட்டவர் யாருமில்லை.

எங்கள் வீட்டில் தாத்தா இலங்கைக்கு எழுதினார். பெரிய அத்தையின் புருஷன் இந்தியாவுக்கு எழுதினார். அத்தையை யாரும் கேட்கவில்லை. 1972இல் பதுளை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா சொன்னார்கள்? தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரி. கடிதம் மட்டும் வந்தது. 1984இல் கப்பலும் நின்றது. அப்பாயி கண்மூடும்வரை மகளைப் பார்க்கவில்லை.

ஆகையால் அரசாங்கங்கள் நமக்காகப் பேசினாலே நல்லது நடக்கும் என்று நான் நம்புவதில்லை. அதற்காக வெறும் பேச்சு என்று தள்ளவும் மாட்டேன். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயமும் துணைநின்று, பத்தே நாளில் ஏறக்குறைய 1,90,000 பேருக்குப் பத்திரம் கொடுத்தார்கள். சின்ன அத்தை அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஜெனீவாவுக்கு வருகிறேன். அங்கே மனித உரிமைகள் பேரவையில் 47 நாடுகள் வாக்களிக்கும். இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 2012இலும் 2013இலும் ஆதரவளித்த இந்தியா 2014இல் ஒதுங்கி நின்றது. 2015 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. 2020இல் பின்வாங்கியது. 2021இல் 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, இந்தியா உட்பட 14 நடுநிலை. சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் வேலை அந்தத் தீர்மானத்தால்தான் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் தன் கணக்கைப் பார்த்துத்தான் கையைத் தூக்குகிறது என்பதை மறக்கக்கூடாது.

சலுகை நிறுத்துவதும் அப்படித்தான். சித்திரவதை, சிறுவர் உரிமை முதலிய சமவாயங்களை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. அரசாங்கத்துக்குத்தான் அந்த அடி. ஆனால் கார்மென்ட்ஸில் தைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான் வேலை போகுமோ என்று பயந்தார்கள். சரியா பிழையா என்று என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை.

தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். தீர்மானத்தில் ஆளின் பெயர் இருக்காது. பெயர் போகும் இடம் வேறு. வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு 1980 முதல் இருக்கிறது. 2015 நவம்பரில் இலங்கைக்கும் வந்து போனது. குடும்பம் நேரடியாகவோ, குடும்பத்தின் சம்மதத்தோடு ஓர் அமைப்பு மூலமோ விபரம் அனுப்பலாம். காசு கட்டத் தேவையில்லை. காணாமற்போனவரின் முழுப்பெயர், திகதி, இடம், யார் கொண்டுபோனதாக நம்புகிறீர்கள், அதற்குப் பிறகு எங்கெல்லாம் முறையிட்டீர்கள் என்று கேட்பார்கள். அதை அவர்கள் அரசாங்கத்துக்கு அனுப்பி, இவர் எங்கே என்று கேட்பார்கள். பதில் வந்தால் நமக்கு அறிவிப்பார்கள். என்ன நடந்தது என்று தெளிவாகும்வரை கோப்பை மூடமாட்டார்கள். ஆளைக் கண்டுபிடித்துத் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"பரவாயில்லை அக்கா, எழுதுவம்" என்றாள்.

இந்த மாதக் கூட்டம் முடிந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். முறையிட்ட இடங்களை எழுத ஒரு பக்கம் போதவில்லை. திகதியில் நின்றுவிட்டாள். 17ஆ 18ஆ என்று தெரியவில்லை. அன்று சின்னவனுக்குக் காய்ச்சல், அது மட்டும் ஞாபகம் என்றாள். "மே 17 அல்லது 18" என்றே எழுதினோம். கையெழுத்து வைத்துவிட்டு, தனக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றாள். திங்கட்கிழமை டவுனுக்குப் போனபோது போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.