பகுதியும் முழுமையும்: பரம்பிய கட்டுப்பாட்டின் தருக்கம்

பல இயந்திரங்கள் ஒரு பொதுநோக்கிற்காக ஒருங்கே இயங்கும்போது, ஒவ்வொன்றும் சூழலின் ஒரு பகுதியையே அறிகின்றது. 'வண்டிகள் ஒருபோதும் மோதா. காத்திருக்கும் வண்டி என்றேனும் வழிபெறும்' என்பன போன்ற முழுமையின் நியதிகளைக் காலத் தருக்கத்தில் வரையறுக்கலாம் என 1977 இல் அமீர் பினூலி காட்டினார். அந்நியதியினின்று ஒவ்வோர் இயந்திரத்துக்குமுரிய விதியை வருவிப்பதே பிரச்சினை. யாவும் அறிந்த ஒரே மையம் இருப்பின் இது தீர்க்கத்தக்கது. அறிவு பிரிந்துகிடப்பின், தீர்வு உண்டா என எல்லா அமைப்புகளுக்கும் நிர்ணயிக்கும் பொதுமுறை இருத்தலியலாது என 1990 இல் பினூலியும் ரோஸ்னரும் நிறுவினர். தகவல் ஒருதிசையில் தொடராகச் செல்லும் அமைப்பு முதலிய சிலவற்றிலேயே அது கைகூடும். எனவே, மையத்தைப் போற்றுவதோ பகுதிகளின் தன்னெழுச்சியை நம்புவதோ போதாது. எது எதனை அறிகின்றது என்னும் உறவமைப்பிலேயே ஒத்துழைப்புத் தங்கியுள்ளது என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.