கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை கேமிங் லேப்டாப் கேட்கிறான். ‘அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினால் பல வருஷம் உழைக்குமே’ என்கிறார் அப்பா. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், ஒரு விஷயத்தில் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பலம் ஒன்றல்ல. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 4070-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் அதற்கு 12 ஜி.பி. மெமரி, 200 வாட் வரை மின்சாரம் எடுக்கும். லேப்டாப்பில் மெமரி 8 ஜி.பி.தான், மின்சாரமும் மாடலைப் பொறுத்து 35 முதல் 115 வாட் வரைதான். மெல்லிய லேப்டாப்பில் சூடு வெளியேற இடம் குறைவு என்பதால் இந்தக் கட்டுப்பாடு. எனவே, ‘இந்த மாடலில் கார்டு எத்தனை வாட்?’ என்று கடையில் கேளுங்கள்.

டெஸ்க்டாப்பில் கார்டு பழசானால் அதை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் அது பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும். அதேசமயம், டெஸ்க்டாப் என்றால் மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ். செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கரன்ட் போனாலும் லேப்டாப் ஓடும். ஆனால் பேட்டரியில் கேம் வேகம் குறையும், சார்ஜும் சீக்கிரம் தீரும்.

ஹாஸ்டல் வாழ்க்கை என்றால் லேப்டாப்தான் வசதி. வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருவதாக இருந்து, வகுப்புக்கு லேப்டாப் தேவையில்லை என்றால், டெஸ்க்டாப் லாபம். எனவே, அவசரப்பட வேண்டாம். எந்தக் கல்லூரியில் சீட் என்பது உறுதியான பிறகு கடைக்குப் போங்கள்!