தாம்பூலத் தட்டில் புகையிலைக்கு இடமில்லை

வளைகாப்பு வீட்டுத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும், மஞ்சளும் பூவும் பழமும் இருக்கும். புகையிலை இருக்காது. பிள்ளை சுமப்பவளை வாழ்த்தும் தட்டில் நம் பாட்டிமார் அதை ஒருநாளும் வைத்ததில்லை.

ஆனால் அன்றாடம் மெல்லும் வெற்றிலையில் அது நுழைந்துவிட்டது. கேமரன் மலைக் குளிரில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, புகையிலை போட்டால் பசி தெரியாது, மசக்கைக் குமட்டல் அடங்கும், பல்வலி மறக்கும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். புகை இல்லாததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் நினைக்கிறோம். அந்த நினைப்புத்தான் ஆபத்து.

வயிற்றுக்குள் நடப்பது

புகையிலையின் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அதை இன்னும் வேகமாக இறங்கச் செய்கிறது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை எட்டுகிறது. கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. பிள்ளைக்குச் சேரவேண்டிய சத்தும் பிராணவாயுவும் குறைகின்றன.

மும்பையில் 1,217 பெண்களைக் கர்ப்பம் முதல் பிரசவம் வரை கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து, சுமார் ஆறு நாள் முந்திப் பிறந்தன. 32 வாரத்துக்கு முன்பே பிறக்கும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. 105 கிராம்தானே என்று விட்டுவிட முடியாது. 2.5 கிலோவுக்குக் கீழே போனால் அது எடை குறைந்த குழந்தை. நோய்த்தொற்றும் பால் குடிப்பதில் சிரமமும் அதை எளிதில் வாட்டும். புகையிலையை எடுத்துவிட்டுப் பாக்கை மட்டும் மெல்வதும் தீர்வல்ல. தனிப் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது.

செய்ய வேண்டியது

கர்ப்பம் தெரிந்ததும் அரசாங்கக் கிளினிக்கில் பதிந்து, தாய்க்கான ரோஸ் நிறப் பதிவுப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். புகையிலை போடும் பழக்கத்தை மிஸ்ஸியிடம் (தாதியிடம்) மறைக்காதீர்கள். புகையிலைப் பழக்கத்தை விட உதவ, கிளினிக்குகளில் நடக்கும் ‘எம்குயிட்’ சேவை பற்றிக் கேளுங்கள். நிக்கோட்டின் மாத்திரையோ ஒட்டுப் பட்டையோ நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மெல்லத் தோன்றும்போது இஞ்சித் துண்டு, சோம்பு, கொய்யா ஒரு கீற்று என வாய்க்கு வேறு வேலை கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான்.

உங்கள் உரிமை

வேலை போய்விடுமோ என்று பயந்து கர்ப்பத்தை மறைத்து, கிளினிக் போகத் தாமதிக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. உரிய காலம் வேலை செய்திருந்தால் அந்த நாள்களுக்குச் சம்பளமும் உண்டு. கர்ப்பமானதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம். அப்படி நடந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவளிடம் ‘விட்டுவிடு’ என்று சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்து நீங்கள் மெல்லாதீர்கள். பிள்ளை பிறக்கும்வரை வீட்டு வெற்றிலைப் பெட்டி மூடியே இருக்கட்டும். பால் குடிக்கும் காலத்திலும் அதைத் திறக்க வேண்டாம். நிக்கோட்டின் தாய்ப்பாலிலும் இறங்கும்.